மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் நான் தெரிந்துகொண்டவை

என் இரண்டு தோள்களிலும் பிரா பட்டை அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. இரவில் கழற்றி வைத்துவிட்டுப் படுத்து எழுந்தாலும் அந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. தோலும் அங்கே கறுத்துப்போயிருக்கிறது. திருச்சியில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான் நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை நின்றபடியே பாடம் நடத்துகிறேன். மூன்றாவது பாடவேளை முடிவதற்குள் பிடரி கனக்கத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கித் தோல் புண்ணாகிப் பூஞ்சைத் தொற்று வந்துவிடுவதால், பருத்திக் கைக்குட்டையை நான்காக மடித்து அங்கே வைத்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவேன். இத்தனையையும் இருபது ஆண்டுகளாக ‘முதுகுவலி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். மருத்துவரிடம்கூட அப்படித்தான் சொன்னேன்.

அவர் எடையைக் குறைக்கச் சொன்னார். ஓராண்டு முயன்று ஒன்பது கிலோ குறைத்தேன். இடுப்பும் முகமும் மெலிந்தனவே தவிர மார்பின் பாரம் பெரிதாகக் குறையவில்லை. மார்பகத்தில் கொழுப்பு எவ்வளவு, சுரப்பித் திசு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதையும், சுரப்பித் திசு மிகுந்தவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டால் பெரிய மாற்றம் வராது என்பதையும் பிறகுதான் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் விளக்கினார். ஆனாலும் அந்த ஓராண்டு வீணாகவில்லை. எடை ஒரு நிலையில் நின்ற பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டால்தான் புதிய வடிவம் நிலைக்கும். உடல் பருமன் மிகுதியாக இருக்கையில் செய்தால் புண் ஆறுவதும் தாமதப்படும்.

அந்த மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் வரைந்து காட்டினார். முலைக்காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, அடிமடிப்பை ஒட்டி ஒரு வளைவு. பார்ப்பதற்கு நங்கூரம் போலவே இருந்தது. ராபர்ட் வைஸ் என்ற மருத்துவர் 1956-இல் விவரித்த அளவுப்படிவத்தை ஒட்டிய முறை இது. பிரா தைப்பதற்கான துணி வெட்டிலிருந்து அவர் அதை உருவாக்கினார் என்று அறிந்தபோது, என் ரவிக்கைகளைத் தைக்கும் அக்காவின் மேசைமேல் கிடக்கும் காகித வெட்டுகள் நினைவுக்கு வந்தன. பெரும்பாலும் முலைக்காம்பை முழுவதுமாக வெட்டி எடுப்பதில்லை. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ள ஒரு திசுத்தண்டோடு சேர்த்தே அதை மேலே நகர்த்தி வைக்கிறார்கள். மிகப் பெரிய மார்பகங்களுக்கு மட்டும் அதைத் தனியே எடுத்து ஒட்டவேண்டி வரலாம். முழு மயக்கத்தில், ஏறக்குறைய 3 முதல் 4 மணி நேரம் நடக்கும். நாற்பதைக் கடந்தவள் என்பதால் முன்னதாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கவேண்டும்; வெட்டியெடுக்கும் திசுவையும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

நான் அதிகம் யோசித்தது தழும்பைப் பற்றித்தான். அது மறையாது. முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருந்து, ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மெல்ல மங்கும். நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் கீலாய்டு எனப்படும் புடைத்த தழும்பு வரும் வாய்ப்பும் கூடுதல். என் காதுகுத்தின்போது அப்படி வந்ததா என்று மருத்துவர் கேட்டார், வரவில்லை. நேர்க்கோடும் வளைவும் சந்திக்கும் இடத்தில் தையல் சற்றுப் பிரிந்து மெதுவாக ஆறுவது அடிக்கடி நேர்வதுதான் என்றும், முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம், அரிதாக முற்றிலும் போய்விடலாம் என்றும், இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒத்திருக்கும் என எதிர்பார்க்கவேண்டாம் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது. பாலூட்டும் திறன் குறையக்கூடும் என்பது இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்ட எனக்குப் பொருட்டில்லை. குழந்தை பெறும் எண்ணமுள்ள இளம்பெண்கள் இதைத் தவறாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அழகுக்கான அறுவை சிகிச்சை என்று காப்பீட்டில் இதை ஒதுக்கிவிடுவார்கள். மருத்துவத் தேவை என்று மருத்துவர் சான்றளித்தால் விதிவிலக்குக்கு இடமுண்டு. ஆகவே தோல் புண்ணுக்கும் கழுத்துவலிக்கும் பார்த்த சீட்டுகளைத் தூக்கியெறியாமல் கோப்பில் வைத்து, முன் அனுமதி கேட்பது நல்லது. அரசு மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவிலும் விசாரிக்கலாம். இது பணக்காரர்களின் ஆசை அல்ல, வலிக்கான வைத்தியம் என்பதை நம் வீடுகளில் உரக்கச் சொல்லவேண்டும் என்று விரும்புகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது, “நல்லா இருக்கிற உடம்புல எதுக்குடி கத்தி வைக்கணும்?” என்றார். நான் பதில் பேசாமல் தோளைக் காட்டினேன். சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “எத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும்?” என்று கேட்டார். ஓரிரு நாள்தான். புண்ணில் சேரும் நீரை வெளியேற்றக் குழாய் வைத்தால் அதைச் சீக்கிரமே எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு சில வாரங்கள் இரவும் பகலும் இறுக்கமான சர்ஜிக்கல் பிரா அணிந்து, மல்லாந்தே படுக்கவேண்டும். வீக்கம் முழுதாக வடியச் சில மாதங்கள் ஆகும். நாலைந்து வாரங்களாவது குடம் தூக்கக்கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக்கூடாது, ஸ்கூட்டரையும் தொடக்கூடாது.

வெயில் தணிந்த மார்கழியில், அரையாண்டு விடுமுறையை ஒட்டித் தேதி கேட்டிருக்கிறேன். அம்மா முந்தைய நாளே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை வந்திருந்த அவரும் என் கணவருமாகச் சேர்ந்து, மேல்தட்டில் இருந்த அரிசி டின்னையும் இட்லிக் குண்டானையும் என் இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி வைத்தார்கள்.