எஃப்சிக்கு முன் லாரி பிரேக் பார்ப்பது: சேம்பர் ராடு எவ்வளவு வெளியே வருகிறது?

எட்டு வருடத்துக்கு உட்பட்ட லாரிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று); அதைத் தாண்டினால் வருடா வருடம். பல வண்டிகளில் அந்தக் கெடு வந்தால்தான் டிரம்மைக் கழற்றுகிறார்கள். ஆனால் எஸ்-கேம் டிரம் வைத்த ஏர் பிரேக் வண்டியில் பாதிக் குறையை எதையும் கழற்றாமல், அடியில் படுத்தே கண்டுபிடித்துவிடலாம். பெடலை மிதித்தால் சேம்பர் என்ற காற்று டப்பா ராடை வெளியே தள்ளும்; ராடு ஸ்லாக் என்ற கையைத் திருப்பும்; அது எஸ் வடிவக் கேமைச் சுழற்றி, லைனிங் ஒட்டிய ஷூக்களை டிரம்மில் அழுத்தும்.

சமதளத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். பின் சேம்பரில் உள்ள பார்க்கிங் ஸ்பிரிங் பிடித்திருந்தால் ராடு ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கணக்கு தப்பிவிடும். ஹேண்ட் பிரேக் எடுத்த வண்டிக்குக் கீழேதான் போகப்போகிறோம் என்பதால் கட்டை விஷயத்தில் சோம்பல் கூடாது.

சேம்பரின் முகத்தை ஒட்டி ராடில் சாக்பீஸால் ஒரு கோடு. காற்றழுத்த கேஜ் 6 முதல் 7 பாருக்குள் இருக்கும்போது கேபினில் ஒருவர் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கட்டும். கோடு எவ்வளவு தள்ளி வந்தது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்ட்ரோக் (ராடு போகும் தூரம்) கொண்ட டைப் 24 சேம்பருக்கு 44 மி.மீ., டைப் 30-க்கு 51 மி.மீ. எல்லை. லாங் ஸ்ட்ரோக் சேம்பராக இருந்தால் எல்லை வேறு; முதலில் மேலே உள்ள முத்திரையைப் படியுங்கள்.

51-ல் நிற்கிறதே, இன்னும் ஓடலாம் என்று விடுவதில்தான் ஆபத்து. டைப் 30 ராடு மொத்தமாகப் போகக்கூடியதே சுமார் 64 மி.மீ.தான். தொப்பூர் மாதிரி இறக்கத்தில் டிரம் கொதிக்கும்போது விரியும். 410 மி.மீ. டிரம்மில் 300 டிகிரி சூடு ஏறினால் விட்டம் 1.3 மி.மீ. கூடும். கேள்விப்பட அற்பமாக இருக்கும். ஆனால் ஸ்லாக்கின் நீளத்துக்கு முன் கேமின் தூக்கல் மிகச் சிறியது என்பதால், ராடு முனையில் அது பல மடங்காகிக் கூடுதலாகப் பயணம் கேட்கும். மிச்சமிருந்த 13 மி.மீ.யும் அங்கேயே கரையும். காற்று முழுதாக இருக்கும், பிரேக் மட்டும் பிடிக்காது.

ஒரே அச்சின் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் வண்டி இழுக்கும். ஒரு பக்கம் 24, மறு பக்கம் 30 என்று சேம்பரை மாற்றிப் போட்ட வண்டிகளும் உண்டு. சேம்பரின் டைப் எண்ணைப் பார்த்தாலே தெரியும் குறை அது.

ஸ்ட்ரோக் கூடினால், கையால் திருகும் ஸ்லாக்கில் திருகு போல்ட்டைப் பூட்டும் லாக் ஸ்லீவை அழுத்தி, லைனிங் டிரம்மைப் பிடிக்கும்வரை போல்ட்டை இறுக்கி, கால் முதல் அரைச் சுற்று தளர்த்துங்கள். ஸ்பேனரை எடுத்ததும் ஸ்லீவ் வெளியே வந்து பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். வராவிட்டால் ஓட ஓடத் தானே தளரும். ஆட்டோ ஸ்லாக்கை மட்டும் அப்படித் திருகிச் சமாளிக்க வேண்டாம். அது தானாக இறுக்கவில்லை என்றால் ஸ்லாக் போயிருக்கிறது, இல்லாவிட்டால் கேம் புஷ்ஷோ, ராடையும் ஸ்லாக்கையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னோ ஆடுகிறது. கேம் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தாலே புஷ் தேய்ந்தது தெரிந்துவிடும்.

பிறகு லைனிங். டஸ்ட் கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஷூவின் நடுவில் 6 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான். ஹப் சீல் கசிந்து எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவுவது வீண் வேலை. சூடு ஏறினால் உள்ளே இருந்த எண்ணெய் திரும்பக் கசியும். சீலை மாற்றி, அச்சின் இரு பக்கமும் புது லைனிங் போடுங்கள். தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

டிரம்மின் உள்ளே மயிரிழை வெடிப்பு சகஜம். விளிம்பு வரை ஓடி மறுபக்கம் தெரிகிற வெடிப்பு என்றால் டிரம் கழிவு. உள்விட்டத்தை விளிம்பு மேட்டைத் தவிர்த்து, 90 டிகிரி தள்ளி இரு இடத்தில் அளக்க வேண்டும். டிரம்மிலேயே வார்த்திருக்கும் உச்ச அளவைத் தாண்டினால் கடைசல் பேச்சே வேண்டாம். கடைந்த டிரம்முக்கு ஓவர்சைஸ் (தடித்த) லைனிங் போடாவிட்டால் நடுவில் மட்டும் உரசும்.

பார்க்கிங் ஸ்பிரிங் இருக்கிற சேம்பரின் கிளாம்பை, கேஜிங் போல்ட் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் தொடவே கூடாது. வெடித்துக் கிளம்பினால் ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது.

எல்லாம் மாட்டியபின் நிதானமாகப் பிரேக் போட்டு 10 கி.மீ. ஓட்டுங்கள். டிரம்மைத் தொடாமல், கையை அருகே காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அது உரசிக்கொண்டே வருகிறது. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால், அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. மறுபடி முதலில் கழற்ற வேண்டியது அதைத்தான்.