பின் சக்கரம் சுட்டது

காரில் பின் பிரேக் ஷூ (உரசி சக்கரத்தை நிறுத்தும் கட்டை) மாற்றி இரண்டு நாள்தான். தாம்பரத்திலிருந்து வீடு வந்து இறங்கியதும் கருகல் வாடை. இடது பின் சக்கரத்தின் அருகில் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி சூடு. வலது பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

மெக்கானிக்கிடம் போன் போட்டால், "புது ஷூ சார், ஓட ஓட செட் ஆயிடும்." லேசாக உரசினால் சரி, இவ்வளவு சூடு எப்படி செட் ஆகும்?

ஞாயிறன்று முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. பிரேக் ஆயிலைத் திறந்துவிடும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளைத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சவில்லை, சக்கரமும் இளகவில்லை. அப்போ உள்ளே பிரஷர் தேங்கவில்லை, ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸ் தப்பித்தது. அப்புறம் ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றினேன். 'டக்' என்று ஒரு சத்தம், சக்கரம் சுற்றியது!

மழைத் தண்ணீர் இறங்கி உறைக்குள் கேபிள் துருப்பிடித்திருக்கிறது. பழைய ஷூ தேய்ந்திருந்ததால், ஹேண்ட் பிரேக்கை விட்டதும் கேபிள் முழுசாகப் பின்னால் போகவேண்டிய தேவையே வரவில்லை. புது ஷூ தடிமன், இப்போது போகவேண்டும், துரு விடவில்லை. பாவம், மெக்கானிக்கைத்தான் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுக் கேபிள் வாங்கியாச்சு. கை விரலில் கிரீஸ்தான் இன்னும் போகவில்லை.