ரெண்டாம் ரேங்க் அல்வா

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் டவுனில் ஒரு அல்வா கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். எல்லோரும் ஊருக்குத் திரும்புகிற வெளியூர்க்காரர்கள், கையில் பையும் பெட்டியுமாக. உள்ளூர்க்காரன் நான் ஒருவன்தான். முன்னால் நின்ற மதுரைக்காரர், "வீட்டுல விசேஷமா தம்பி?" என்றார்.

"ஆமா சார். நம்ம பையனுங்க இன்னைக்கு ஃபுட்பால் லீக் ஜெயிக்கப் போறாங்க."

"எந்த ஊர் டீம்?"

"லண்டன்."

அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆட்டம் இரவு எட்டரைக்கு. முடியப் பத்தரை ஆகிவிடும். அதற்குள் அல்வாவும் தீர்ந்துவிடும், கடையும் அடைத்துவிடுவார்கள். கொண்டாட நினைக்கிறவன் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாமா? ஒரு கிலோ வாங்கினேன். எங்கள் வளவில் எங்களைத் தவிர எட்டு வீடு. வீட்டுக்கு நூறு கிராம் கொடுத்தாலும் எங்களுக்கு இருநூறு மிஞ்சும். இந்த மாதிரி கணக்கெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

என்னைப் பற்றிச் சொல்லவில்லையே. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நம்ம பையன்கள் என்றால் ஆர்சனல், இங்கிலாந்து ஃபுட்பால் லீக்கில் ஆடுகிற லண்டன் டீம். அதைப் பார்க்க ஆரம்பித்தது 2005 ஆகஸ்டில், கல்லூரி விடுதியில். அறைத் தோழன் ஒருவன், "இந்த டீம் 2003-04ல 38 மேட்ச்சுல ஒண்ணுகூடத் தோக்கலல. 26 ஜெயிச்சு 12 ட்ரா" என்று சொல்லி இழுத்துவிட்டான். தோற்கவே தோற்காத டீமில் சேர்ந்தால் என்ன நஷ்டம் என்று நானும் சேர்ந்தேன். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவன் கதை ஆகிவிட்டது. அந்த 2004-க்கு அப்புறம் 2025 வரை லீக் பட்டம் வரவே இல்லை. நடுவில் 2014, 2015, 2017, 2020 என்று நான்கு முறை எஃப்.ஏ. கோப்பை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அது லீக்கோடு சேராத தனிப் போட்டி. ஆனால் அதெல்லாம் வெஞ்சனம். எவ்வளவு நேரம்தான் வெறும் வெஞ்சனத்தையே தின்றுகொண்டிருப்பது, சோறு வர வேண்டாமா?

2021 ஆகஸ்டில் நிலைமை இன்னும் மோசம். சீசனின் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. முதல் அடி கொடுத்தது பிரென்ட்ஃபோர்ட். அவர்கள் முதல் டிவிஷனில் ஆடியே 74 வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி ஐந்து கோல் போட்டது. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து நாங்கள் அடித்தது பூஜ்யம். 20 டீமில் 20-வது இடம்.

பட்டாசாலில் ஈஸிசேரில் படுத்திருந்த அப்பா கேட்டார்: "இதுக்குக் கீழ எடம் இருக்காடே?"

"இல்லப்பா."

"அப்பம் சரி. இனி எறங்க முடியாதுல்லா."

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அப்போதே எனக்கு ஒன்று தெரியும்: பையன்களின் வயசு. சாகாவுக்கு 19. மார்ட்டினெல்லிக்கு 20. ஒடேகார்டுக்கு 22. கடையில் யாராவது ஆர்சனலைப் பற்றி வாயெடுத்தால் போதும், "வயசப் பாருங்க அண்ணாச்சி, வயசப் பாருங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பலர் பயந்துபோய்த் தன் கார்டில் பிறந்த தேதியைச் சரிபார்த்திருக்கிறார்கள்.

சாகாவை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில்தான் ஐரோப்பிய நாடுகள் மோதுகிற யூரோ கோப்பையின் இறுதி ஆட்டம், லண்டன் வெம்ப்ளியில், இத்தாலியோடு. பெனால்டி ஷூட் அவுட்டில் இங்கிலாந்தின் கடைசி உதையை 19 வயசுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் அடித்தான், கோல்கீப்பர் தடுத்தான், கோப்பை போனது. அதற்கப்புறம் அவன் வாங்கிய வசவுக்கு வேறு யாராக இருந்தாலும் பந்தைப் பார்த்தாலே ஓடியிருப்பான். இவன் திரும்பி வந்து, ஆர்சனலுக்காகப் பெனால்டி எடுக்க முதல் ஆளாக நின்றான். அப்படிப்பட்ட பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

என் வீட்டில் இந்த நம்பிக்கைக்குப் பெயர் கோட்டி. முக்கியமாக அப்பாவுக்கு. இத்தனைக்கும் அவருக்குப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அணையில் தண்ணீர் இல்லாமல் கார் பருவம் போனால், "காரு போனா என்ன, பிசானம் இருக்கு" என்பார். பிசானம் கருது பிடிக்கிற நேரத்தில் மழை சாய்த்துவிட்டால், "அடுத்த காரு நல்லாருக்கும்" என்பார். நாற்பது வருஷமாக இதையே சொல்கிறவர் என்னைப் பார்த்துக் கோட்டி என்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை, அப்பாவாயிற்றே.

சரி, அந்த மே 19-க்கு வருகிறேன்.

அக்கா மகன் வந்திருந்தான். பதினாலு வயசு, மான்செஸ்டர் சிட்டி ரசிகன். விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷா வருஷம் கோப்பையைப் பார்த்தே வளர்ந்தவன். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைப் போலத்தான் அவனுக்குப் பட்டம் என்பது. டி.வி.யில் எங்கள் ஆட்டம், எவர்ட்டனோடு. அவன் போனில் அவர்கள் ஆட்டம், வெஸ்ட் ஹாமோடு. நாங்கள் ஜெயித்து, அவர்கள் ட்ரா செய்தாலே கோப்பை எங்களுக்கு. புள்ளி சமமாகிவிடும், கோல் வித்தியாசத்தில் நாங்கள் முன்னால் இருந்தோம்.

என் ஆயுசில் நான் வெஸ்ட் ஹாமுக்காகச் சாமி கும்பிட்டதில்லை. அன்று நெல்லையப்பரிடம் மனுப் போட்டேன். கொட்டுகிற மழையில் நெல்லுக்கு வேலி போட்டுக் காத்தவருக்கு, வெஸ்ட் ஹாம் கோல்போஸ்டுக்கு ஒரு வேலி போடுவது பெரிய காரியமா?

மனு போய்ச் சேருவதற்குள் இரண்டாவது நிமிஷத்திலேயே சிட்டியின் ஃபோடன் கோல் அடித்துவிட்டான். நான் இன்னும் சம்மணம் போட்டு உட்காரக்கூட இல்லை. 18-வது நிமிஷம் அவனே இன்னொன்று. 40-வது நிமிஷம் எவர்ட்டன் அடித்த ஃப்ரீ கிக் யார்மேலோ பட்டுத் திரும்பி எங்கள் வலைக்குள் போனது. என் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் எழுந்து, அல்வாப் பொட்டலத்தை எடுத்துப் போனாள். நெய் காகிதத்தைத் தாண்டிக் கசிந்து, ஸ்டூலில் வட்டமாகப் பதிந்திருந்தது. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணியைக் கவிழ்த்து, அதன் மேல் பொட்டலத்தை வைத்தாள்.

"எதுக்கு?"

"எறும்பு வரும். இது இப்போதைக்குப் பிரிக்கிற மாதிரித் தெரியல."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, 42-வது நிமிஷம் வெஸ்ட் ஹாமின் குடுஸ் அந்தரத்தில் மல்லாந்து ஒரு கோல் அடித்தான். கத்தினேன். அடுத்த நிமிஷமே இங்கே தோமியாசு சமன் செய்தான். இன்னும் பலமாகக் கத்தினேன். கதவு தட்டும் சத்தம். மாடி வீட்டு அண்ணாச்சி கையில் டார்ச்சோடு நின்றார்.

"என்னப்பா? ஆச்சிக்கு எதும் முடியலையா?"

கட்டிலில் இருந்த ஆச்சி தலையைத் தூக்கினாள். "எனக்கு ஒண்ணுமில்லய்யா. இவனுக்குத்தான்."

இடைவேளையில் இடி இடித்தது. அந்த வாரம் முழுக்கவே கோடை மழை. கரண்ட் போனது. மருமகனின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இருட்டில் அந்த வட்டத்தையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பட்டத்துக்காக, நான் அவன் பட்டம் போவதற்காக. கரண்ட் வந்தபோது ரோட்ரி மூன்றாவது கோலை அடித்திருந்தான். மருமகன் கத்தவில்லை, சிரிக்கவில்லை. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "மாமா, தண்ணி குடிக்கியளா?" என்றான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

89-வது நிமிஷம் ஹவர்ட்ஸ் கோல் அடித்து நாங்கள் ஜெயித்தோம். கை தட்டவா வேண்டாமா என்று என் கை பாதியில் நின்றது.

எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஆச்சிக்கு அல்வா ஞாபகம் வந்துவிட்டது.

"ஏல, எதுக்கு வாங்கியாந்த அத?"

"பையனுவ ஜெயிப்பானுவன்னு நெனச்சேன் ஆச்சி. ரெண்டாவது வந்துட்டானுவ."

"எத்தன பேருல?"

"இருவது."

"இருவதுல ரெண்டாவதா? நல்ல பிள்ளையளால்லா இருக்கு! எவ்வளவு எடுத்தானுவ?"

"89."

"மொத ஆளு?"

"91."

ஆச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டே மார்க்குலயா போச்சு! திருப்பித் திருத்தச் சொல்லலாம்லா? நம்ம வளவுலயே அந்தப் பிள்ளைக்குப் பேப்பரத் திருப்பிப் போட்டு நாலு மார்க்கு கூட வந்துச்சே!"

இருபது வருஷமாக ஆர்சனலைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில் இதைவிட ஆறுதலான பேச்சு இல்லை. மறுநாள் காலையில் எட்டு வீட்டுக்கும் அல்வா போனது. ஆச்சியே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: பேரன் டீமில் பிள்ளைகள் ரெண்டாம் ரேங்க். இரண்டு வீட்டில் என்னிடம், "டியூஷன் எடுக்கியளா தம்பி, சொல்லவே இல்ல?" என்று கேட்டார்கள்.

அன்று கடைக்குப் போனதும், பாழாய்ப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினேன். 2022-23ல் 84 புள்ளி. 2023-24ல் 89. வருஷத்துக்கு ஐந்து கூடுகிறது. அப்படியானால் 2024-25ல் 94. கறுப்புப் பேனாவில் கொட்டை எழுத்தில் எழுதி, வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

எடுத்தது 74.

ஒரே ஒரு இலக்கம்தான் தப்பு என்று நான் வாதாடிப் பார்த்தேன். லிவர்பூல் 84 எடுத்துக் கோப்பையைத் தூக்கிப் போய்விட்டது. நாங்கள் 14 ஆட்டத்தை ட்ரா செய்திருந்தோம். சாகா டிசம்பரில் தொடைத் தசை கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து, மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டான். "கருது பிடிக்கிற நேரத்துல மழையாக்கும்" என்றார் அப்பா. இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை, தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் அந்த வருஷத்திலும் ஒரு நாள் உண்டு. பிப்ரவரி 2. சிட்டியை 5-1 என்று அடித்தோம். அதில் ஒரு கோல் 18 வயசு லூயிஸ்-ஸ்கெல்லி. இன்னொன்று 17 வயசு நவனேரி. மருமகனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் அக்கா பேசினாள்: "பப்ளிக் எக்ஸாம் படிக்கிற பிள்ளைய ராத்திரி பூரா எதுக்குக் கூப்பிடுத?" பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறேன். நவனேரியின் வயசுக்கு ஒன்றாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் நான் அல்வா வாங்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்குவது? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த ஆச்சி, ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"இந்த வருசம் பிள்ளையளு என்ன ரேங்கு?"

"அதே ரெண்டுதான் ஆச்சி."

"பொறவு அல்வா எங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வாங்கி வந்தேன். வளவிலும் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள் போல, ஒரு வீட்டில்கூட எதற்கு என்று கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, ராத்திரி பத்து மணிக்கு லீட்ஸோடு ஆட்டம். 5-0. ஸ்கோர் பெரிய விஷயமில்லை. இரண்டாம் பாதியில் மாக்ஸ் டௌமன் என்று ஒரு பையனை இறக்கினார்கள். அவனுக்கு 15 வயசு. கிட்டத்தட்ட மருமகன் வயசு! பால் குடித்த மீசை மாதிரி ஒரு முகம். பெரிய பெரிய ஆட்களுக்கு நடுவில் பந்தை வாங்கினான், திரும்பினான், பயமே இல்லாமல் நுழைந்தான். கடைசியில் அவனைத் தள்ளிவிட்டு எங்களுக்கு ஒரு பெனால்டியும் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

ஆச்சி முழித்துக்கொண்டுதான் இருந்தாள். "அந்தச் சின்னப் பய யாருல?"

"புதுசு ஆச்சி. பதினஞ்சு வயசு."

"பத்தாம் கிளாஸ் எழுதிட்டானா?"

"அதெல்லாம் எழுதியிருப்பான்."

"பொறவு என்ன. அவன் பாத்துக்கிடுவான்."

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பதினஞ்சோடு ஒன்பதைக் கூட்டினால் 24, அதாவது 2034-ல் அவன் உச்சத்தில் இருப்பான். எனக்கு 47 ஆகியிருக்கும். பரவாயில்லை, கண் தெரியும். அதற்குள் சாகாவுக்கு 32, அதுவும் ஒன்றும் கிழடு இல்லை. நடுவில் மட்டும் எட்டு சீசன் கிடக்கிறது. சத்தம் போடாமல் எழுந்து, பீரோவைத் திறந்து, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினேன். 84. 89. 74. நான்காவது வரிக்குப் பேனாவைத் திறந்தேன்.

கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பென்சில்ல எழுதுங்க."