ஜெல்லுல மேல தெரிஞ்ச அந்த மங்கல் பேண்ட்

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எலியோட பிட்யூட்டரி (மூளைக்கு அடியில இருக்குற ஹார்மோன் சுரப்பி) செல்லுல இருந்து ஆர்என்ஏ எடுத்து பிட்-1ங்கிற ஜீனுக்கு பிசிஆர் (நகல பெருக்குற முறை) ஓட்டினேன், நகல்கள நீளவாரியா பிரிக்கிற ஜெல்ல யுவில வச்சு பாத்தா பளிச்சுனு ஒரு பேண்ட், அதுக்கு கொஞ்சம் மேல புகை மாதிரி இன்னொண்ணு. லேப் சீனியர் ஒருத்தர் "அது நான்-ஸ்பெசிஃபிக், தப்பான இடத்துல ஒட்டி வந்த நகல், கண்டுக்காத, டெம்பரேச்சர ஏத்தி ஓட்டு"ன்னார். ஏத்தியும் போகல. வெட்டி எடுத்து சீக்வென்ஸ் பண்ணா சரியா 78 எழுத்து கூட இருக்கு. 78ஐ மூணால வகுத்தா 26. அதாவது ப்ரோட்டீன் எங்கயும் உடையாம, நடுவுல 26 அமினோ அமிலம் மட்டும் சொருகியிருக்கு. அதுதான் பிட்-1 பீட்டா, அதே ஜீன்ல இருந்து வர்ற இன்னொரு வடிவம்.

பிட்-1ஐ 1988ல ரெண்டு லேப் தனித்தனியா க்ளோன் பண்ணாங்க. வளர்ச்சி ஹார்மோன், ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்), டிஎஸ்எச் (தைராய்டை தூண்டுற ஹார்மோன்) மூணையும் சுரக்குற செல்லுங்களுக்கு இதுதான் ஆதாரம். ஸ்னெல் குள்ள எலிகள்ல இந்த ப்ரோட்டீனோட 261வது இடத்துல ட்ரிப்டோஃபேனுக்கு பதிலா சிஸ்டீன் இருக்கும், அவ்ளோதான், அந்த மூணு வகை செல்லும் வளராமலே போயிடும்.

சாதாரண வடிவம் ஆல்ஃபா, 291 அமினோ அமிலம். பீட்டால அந்த 26 சேர்றது ஜீன தூண்டிவிடுற பகுதிக்குள்ள, டிஎன்ஏவ பிடிக்கிற பகுதி ரெண்டுலயும் ஒண்ணுதான். அதனால ரெண்டும் போய் உக்கார்ற இடம் அதேதான், ஆனா ப்ரோலாக்டின் ஜீன் மேல உக்காந்ததும் ஆல்ஃபா அத ஏத்தும், ராஸ்ங்கிற ப்ரோட்டீன் வழியா வர்ற சிக்னல் வந்தா இன்னும் ஏத்தும், பீட்டாவோ சாதாரண அளவு, ராஸ் ஏத்துறது ரெண்டையும் அமுக்கிடும், அங்க ஹிஸ்டோன் அசிட்டிலேஷன் (டிஎன்ஏ சுத்தியிருக்குற ப்ரோட்டீன் மேல ஒட்டுற ரசாயன குறி) கூட மாறுது. நம்ம தமிழ்ல "செய்த"ங்கிறது "செய்யாத"ன்னு ஆகுற மாதிரி, முன்னயும் பின்னயும் அதே வார்த்தைதான், நடுவுல ஒரு "ஆ" நுழைஞ்சதும் அர்த்தமே தலைகீழ். என்னை இன்னும் அசத்துற விஷயம், இந்த அமுக்குற வேலைய பீட்டா பிட்யூட்டரி செல்லுக்குள்ள மட்டும்தான் காட்டுது, ஹீலா செல்லுல (லேப்ல வளக்குற மனுஷ புற்றுநோய் செல்) போட்டா அப்படி நடக்கல. அப்போ அந்த 26 மட்டும் தனியா எதையும் தீர்மானிக்கல, பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாத்துதான் நடந்துக்குது.

ஆரோக்கியமான பிட்யூட்டரில பீட்டா ரொம்ப கொஞ்சம்தான். அந்த விகிதம் கெட்டா என்ன ஆகும்னு 2021ல வந்த ஒரு ஆய்வுல தெரிஞ்சுது. பிட்யூட்டரி ஹார்மோன் குறைபாடு இருந்த சில குடும்பங்கள்ல, பீட்டாவுக்கு மட்டும் சொந்தமான அந்த துண்டுலயே எழுத்து மாறியிருந்துச்சு, அதனால ஸ்ப்ளைசிங் (ஆர்என்ஏ துண்டுகள வெட்டி ஒட்டுற வேலை) மொத்தமும் பீட்டா பக்கம் சாஞ்சிடுச்சு. அதே ஆய்வுல இந்த ஜீன்ல 1070 ஒற்றை எழுத்து மாற்றங்கள ஒண்ணொண்ணா சோதிச்சிருக்காங்க, 96 மாற்றம் ஸ்ப்ளைசிங்க கெடுக்குது, அதுல 14 அமினோ அமிலத்தயே மாத்தாத வகை. வழக்கமா ஒரு ஜெனடிக் ரிப்போர்ட்ல "இது ஒண்ணும் பண்ணாது"ன்னு தள்ளி வைக்கிற மாற்றங்கள் இவை. உயரம் வளராத ஒரு குழந்தையோட பதில் அப்படி தள்ளி வச்ச வரிக்குள்ளயே கிடக்கலாம்ங்கிறது என்னால இன்னிக்கும் லேசா எடுத்துக்க முடியல.