ஹேரி செல் லுகீமியாவுக்குப் பிறகு: சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) நார்மல் என்றால் மட்டும் போதாது

லுகீமியா என்னும் ரத்தப் புற்றுகளில் சுமார் 2 சதவீதம்தான் ஹேரி செல். கிளாட்ரிபின் மருந்தின் ஒரே சுற்றில் பெரும்பாலோருக்கு நோய் பல ஆண்டுகள் அடங்கிவிடும். அதற்குப் பிறகு எல்லோரும் கேட்பது, வேறு புற்று வருமா என்பதுதான். ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை: சிலவற்றில் ஆபத்து கூடுதல், சிலவற்றில் பொதுமக்களுக்கு உள்ள அளவே. நோயே எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கிறது; மருந்தும் தொற்றை எதிர்க்கும் சிடி4 வெள்ளணுக்களை நெடுநாள் குறைத்து வைக்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். அந்தக் கணக்கில் மண்டையை உடைக்காமல் மருத்துவ ஃபைலைச் சரிசெய்வதே மேல்.

ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது ஒரே தாள்: மருந்து, தேதி, மொத்த டோஸ். கிளாட்ரிபின் என்றால், கிலோவுக்கு தினம் 0.1 மி.கி. வீதம் 7 நாளானாலும், 0.14 வீதம் 5 நாளானாலும் கூட்டினால் 0.7 தான்; 70 கிலோ எடைக்கு 49 மி.கி. இரண்டாம் சுற்று போட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரம் மருந்தின் பெயர் மட்டுமே இருக்கும். அதே தாளில் சிவப்பு மையில் ‘ரத்தம் ஏற்றினால், கதிர்வீச்சு செலுத்திய ரத்தம் மட்டும்’ என்றும் எழுதுங்கள். பின்னால் வேறு ஆபரேஷனுக்குப் போகும்போது அங்குள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

ரத்த டாக்டர் பார்ப்பது சிபிசி, மண்ணீரல், தேவைப்பட்டால் மஜ்ஜை. குடல், மார்பகம், கருப்பை வாய்ப் பரிசோதனைகள் யார் பொறுப்பு என்று யாரும் சொல்வதில்லை, அங்கேதான் நழுவுகிறது. இந்த நோய்க்கென்று தனி அட்டவணை கிடையாது, வயதுக்கு உரியதை விடாமல் செய்தால் சரி. மன ஆறுதலுக்காக வருடாவருடம் பெட் ஸ்கேன் (உடல் முழுதும் புற்றைத் தேடும் ஸ்கேன்) எடுப்பது வீண்: கதிர்வீச்சும் பொய் அலாரமும்தான் கண்ட பலன்.

தோலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. வெள்ளையர்களுக்கான கையேடுகள் வெயில் படும் இடத்தைப் பார்க்கச் சொல்லும். நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்று வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வருவதே அதிகம். அங்கே புதுக் கறுப்புக் கோடு தெரிந்தால் காட்டுங்கள். ஹேரி செல் திரும்பி வந்து வெமுராஃபெனிப் மாத்திரை எடுப்பவர்கள் கதையே வேறு. அது தோல் புற்றைச் சீக்கிரமே கிளப்பக்கூடும். தொடங்குமுன், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நிறுத்தியபின் ஆறு மாதம் வரை தோல் டாக்டர் பார்க்க வேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் டார்ச் அடித்து வாயையும் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் சந்தேகத்துக்குரியது.

கழுத்தில் நெறி கட்டினால் கவனம். ஹேரி செல் மண்ணீரலை வீங்க வைக்கும், கழுத்து நெறியை அரிதாகத்தான். இங்கே நெறி என்றதும் டிபி மருந்து ஆரம்பிக்கிறார்கள். சிலர் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். லிம்ஃபோமாவாக (நெறியில் வரும் புற்றாக) இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாகச் சுருக்கி, பயாப்ஸியையே குழப்பிவிடும். ஊசியில் உறிஞ்சும் சோதனையோடு நிற்காமல், நெறியை முழுதாகவோ தடித்த ஊசியால் துண்டாகவோ எடுக்கச் சொல்லுங்கள். லேபுக்குப் போகும் படிவத்தில் பழைய நோய், மருந்து, ஆண்டு மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஹேரி செல்லைத் தேடும் சாயங்களைப் போட அவர்களுக்குத் தோன்றாது.