முன்னாள் கணவர் கொடுத்த வேலை

"அக்கா, ஜூலி லண்டனுக்கு முன்னாள் புருஷன் குடுத்த வேலைன்னு எழுதியிருக்கீங்க. ட்ரூப்புக்கு மட்டும் ஏன் அந்த வரிய வெட்டிட்டீங்க?"

பக்கத்தை அனுப்ப நேரம் நெருங்கியபோது எங்கள் புதுப் பையன் கேட்டது இது. கிசுகிசு மாதிரி இருக்கும், ட்ரூப் பாட்டுக்காரர், பாட்டைத்தான் பேசணும் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான், சமாதானமானதாகத் தெரியவில்லை.

அமெரிக்கப் பாடலாசிரியர் பாபி ட்ரூப்பைப் பற்றிய கட்டுரை அது. 1946இல் பென்சில்வேனியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் காரில் போகிற வழியில் 'ரூட் 66' என்ற பாட்டை எழுதியவர், அதே வருஷம் நாட் கிங் கோல் அதைப் பாடிப் பெரிய பாட்டாக்கினார். அப்படிப்பட்டவர் 1972இல் 'எமர்ஜென்சி!' டிவி தொடரில் டாக்டர் ஜோ ஏர்லியாக வந்து நிற்கிறார், மனைவி, பாடகியும் நடிகையுமான ஜூலி லண்டன், அதே ஆஸ்பத்திரியின் நர்ஸ் டிக்ஸி மெக்கால். இருவருக்கும் வாய்ப்புக் கொடுத்த தயாரிப்பாளர் ஜாக் வெப், லண்டனின் முதல் கணவர். இது ரகசியமே இல்லை.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வெப் ஜாஸ் பைத்தியம், 1955இல் ஜாஸ்காரர்களை வைத்தே ஒரு படம் இயக்கி, அதில் தானே கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி) வாசிப்பவராக நடித்தார். அப்படிப்பட்டவர் ட்ரூப்பைக் கூப்பிட்டதற்கு இசையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் இல்லையா? தவிர, ட்ரூப் அதற்கு முன்பே டிவியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர், ஒரு படத்தில் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டாமி டோர்சியாக நடித்தவர், கேமரா அவருக்குப் புதிதில்லை.

சரி, ஆனால் இதே நியாயம் லண்டனுக்கு ஏன் இல்லை? 1955இல் 'க்ரை மீ எ ரிவர்' பாடி நாட்டையே கேட்க வைத்தவர் அவர், அதைத் தயாரித்தவரே ட்ரூப்தான். நடிப்பிலோ ட்ரூப்பைவிட ரொம்பவே சீனியர், 1940களிலிருந்தே சினிமாவில் இருந்தவர். இருந்தும் அவர் பெயர் வருகிற இடத்தில் என் கை தானாக 'முன்னாள் கணவர்' என்று எழுதியது, ட்ரூப் வருகிற இடத்தில் 'ஜாஸ் பின்னணி' என்று எழுதியது. வெப்போடு நேரடி உறவு லண்டனுக்குத்தானே, அதனால் அங்கே சொன்னேன் என்று இப்போதும் வாதாடலாம். வாதாடுகிறேன்தான், பாதி நாள்.

'ரூட் 66'இல் எல்லோருக்கும் தெரிந்த 'கெட் யுவர் கிக்ஸ் ஆன் ரூட் 66' என்ற வரியே ட்ரூப்பின் முதல் மனைவி சிந்தியா காரில் சொன்னதுதான். அதை வைத்திருந்தேன், அப்போ நான் பெண்களை ஒதுக்குகிறவள் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் சப்பைக்கட்டாகத்தான் கேட்டிருக்கும்.

உண்மையில் நான் வெட்டியதில் எனக்கு வலித்தது வேறு பத்தி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க மரைன் படையின் கறுப்பின வீரர்களைத் தனியாக வைத்துப் பயிற்சி கொடுத்த மான்ட்ஃபோர்ட் பாயின்ட் முகாமில் ட்ரூப் அதிகாரியாக இருந்தார், அங்கே இசைக்குழுவும் அமைத்தார். இடமில்லை என்று முழுசாகத் தூக்கினேன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் என்னிடம் நல்ல பதிலும் கிடையாது.