ஃபொனெடிக்ஸ் பேப்பர்: முனகிப் பார்த்து எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. பி.ஏ. ஆங்கிலத்தில் எல்லாரும் பயப்படும் ஃபொனெடிக்ஸில்தான் (ஒலியியல்) எனக்கு அதிக மார்க். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழும் கல்லூரியில் மலையாளமுமாக வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேப்பரில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு மொழியிலுமே சொல்லில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அதனால் காது அதைக் கவனிக்கப் பழகுவதே இல்லை. டிரான்ஸ்கிரிப்ஷனை, அதாவது சொல்லை ஒலிக்குறிகளில் எழுதுவதை, நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கூட்டுச்சொல்லில் அழுத்தம் எந்த அசையில் என்று கேட்கும் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

வாயை மூடிக்கொண்டு முனகுங்கள், அவ்வளவுதான். கிரீன்ஹவுஸ் என்று தமிழில் எழுதினால் மூன்று அசை போலத் தெரியும். முனகினால் இரண்டுதான், 'அவு' ஒரே உயிரொலி. கப்போர்டும் இரண்டு, நடுவில் உள்ள 'ப்' ஒலிக்காது, 'கபட்' என்றுதான் வரும். நியூஸ்பேப்பர் மூன்று.

முனகலில் குரல் எங்கே ஏறுகிறதோ அங்கே ஸ்ட்ரெஸ், அதாவது அழுத்தம். செடி வளர்க்கும் கூடம் என்றால் கிரீனில் ஏறும். பச்சை பெயின்ட் அடித்த வீடு என்றால் ஹவுஸில். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரும் பஸ்ஸில் கடை போர்டுகளைப் பார்த்து இப்படியே முனகிக்கொண்டு வருவேன். கண்டக்டர் ஒருநாள் "பல்லுவேதனையாணோ?" (பல்வலியா?) என்று கேட்டார்.

ஜெராக்ஸ் கடை நோட்ஸில் 'கூட்டுப் பெயர்ச்சொல் என்றால் முதல் பகுதியில் ஸ்ட்ரெஸ்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பிளாக்போர்டு, டூத்பிரஷ், பஸ் ஸ்டாப்புக்குச் சரி. மார்க் போவது இவற்றில்:

- ஆப்பிள் ஜூஸ், ஆப்பிள் கேக்: முதல் சொல்லில். ஆப்பிள் பை: 'பை'யில்.
- ஸ்ட்ரீட் என்று முடியும் பெயர்: அதற்கு முந்தைய சொல்லில். ரோடு என்று முடிந்தால் ரோட்டிலேயே.
- ஓல்டு ஃபேஷன்டு, பேட் டெம்பர்டு: இரண்டாவதில். பின்னால் பெயர்ச்சொல் ஒட்டினால் முன்னுக்கு நகரலாம்.
- ஆஃப்டர்நூன்: கடைசி அசை.

ஸ்ட்ரெஸ் குறியை அசை தொடங்கும் முன், மேலே போடுங்கள். உயிரெழுத்தின் தலையில் அல்ல. இரண்டாம் நிலை அழுத்தத்துக்குக் கீழே.

குரூப் ஸ்டடி வேண்டாம் என்பேன். நாலு பேர் சேர்ந்தால் ஒரே சொல்லுக்கு நாலு ஸ்ட்ரெஸ் வரும். அதைவிட அகராதியில் ஒலிப்பைக் கேளுங்கள். அப்புறம், அது பிரிட்டிஷா அமெரிக்கனா என்று பாருங்கள். வீக்கெண்டு பிரிட்டிஷில் பெரும்பாலும் 'எண்டு'வில் ஏறும், அமெரிக்கனில் 'வீக்'கில். சிலபஸில் ஆர்.பி. (ரிசீவ்டு ப்ரனன்சியேஷன், பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் தர உச்சரிப்பு) என்று இருந்தால் பிரிட்டிஷையே எழுதுங்கள்.